குசினியிலிருந்து ஓர் ஆய்வுக் கேள்வி: வன்னி விண்ணப்பக் கோப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

விண்ணப்பதாரி கிளிநொச்சி மாவட்டம் கண்டாவளையைச் சேர்ந்தவர், வயது 27. வவுனியாவில் வணிக முகாமைத்துவத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, ஜிபிஏ 3.41. பிறகு இரண்டு வருடம் மாவட்டத்திலுள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் வேலை அளவீட்டுப் பிரிவில் வேலை. வடிவமைப்பும் நுகர்வோர் ஆய்வும் சேர்ந்த முதுமாணிப் படிப்புக்கு அமெரிக்காவில் நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்தார். நான்கிலும் இல்லை என்று பதில். அடுத்த வருடம் ஐந்து இடங்கள். இரண்டில் அனுமதி, அதில் ஒன்று முழுப் பண உதவியோடு. இவர் உண்மையான ஒருவர் அல்லர். வன்னியிலிருந்து போகக்கூடிய கோப்புகளின் பலங்களையும் பழுதுகளையும் ஒரே ஆளின் மேல் ஏற்றிக் கட்டிய மாதிரி. படிப்பு, கட்டணம், நடைமுறை பற்றிச் சொல்வன மட்டும் உள்ளபடியே.

இரண்டு வருடத்துக்கும் இடையில் ஜிபிஏ மாறவில்லை. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி அதே 7.0. ஆகவே என்னதான் மாறியது என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரப் பரீட்சை இசட் புள்ளியோடு வளர்ந்தவர்களுக்கு அனுமதி என்றாலே வெட்டுப்புள்ளிதான் மனதில் வரும். மேலே நின்றால் இடம், கீழே நின்றால் அடுத்த தடவை. ஆய்வு சார்ந்த பட்டப்பின் படிப்பில் புள்ளிக்கு அந்த வலு கிடையாது. பெரும்பாலான இடங்களில் ஜிபிஏ 3.0 குறைந்தபட்சம், அதைத் தாண்டியவர்களை 3.4, 3.6 என்று வரிசைப்படுத்தி எடுப்பதில்லை. அனுமதிக் குழு கேட்பது மூன்று கேள்வி: இவர் எதை ஆராய வருகிறார்? அதை வழிநடத்த எங்களிடம் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அந்த வருடம் அவரிடம் ஆளெடுக்கப் பணம் இருக்கிறதா? முதல் வருடக் கோப்பு இந்த மூன்றுக்கும் வாய் திறக்கவில்லை.

எந்தக் கதவைத் தட்டினார்

இந்தத் துறையின் பழைய வீடு மனையியல். அமெரிக்க மனையியல் சங்கம் 1909இல் தொடங்கி, 1994இல் குடும்ப, நுகர்வோர் அறிவியல் சங்கமாகப் பெயர் மாறியது. பல்கலைக்கழகங்களும் அப்படியே பெயரை மாற்றிக்கொண்டன, ஆளுக்கொரு விதமாக. விஸ்கொன்சின்–மடிசனில் மானிடச் சூழலியல் பள்ளிக்குள் வடிவமைப்பு ஆய்வும் நுகர்வோர் அறிவியலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கோர்னெலில் மானிடச் சூழலியல் கல்லூரிக்குள் மனிதமைய வடிவமைப்பு. மினசோட்டாவில் வடிவமைப்புக் கல்லூரி. கனடாவில் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் மானிடச் சூழலியல் துறை. ஆடை, வீடு, உள்ளக வடிவமைப்பு, சில்லறை வணிகம், குடும்பப் பொருளாதாரம் எல்லாம் இந்தக் கூரைகளின் கீழே ஏதோவொரு சேர்க்கையில் வரும். பெயரை மட்டும் பார்த்துத் தெரிவு செய்தால் பிழையாகிவிடும்.

முதல் வருடம் பிழையானது அப்படித்தான். ஓரிடம் ஆடை வடிவமைப்பில் நுண்கலை முதுமாணி. அங்கே தன் வேலைகளைக் காட்டும் படத்தொகுப்பே பிரதானம், இவரிடம் கையால் தைத்துக் காட்ட ஓர் உடுப்பும் இல்லை. இன்னோரிடம் நுகர்வோர் பொருளாதாரம். அங்கே புள்ளியியலும் பொருளாதார அளவையியலும் வேண்டும், இவருடைய பெறுபேற்றுப் பத்திரத்தில் இருந்தது முதல் வருடப் புள்ளியியல் ஒன்று மட்டும். மூன்றாவது தொழில் உரிமத்துக்கான கல்வியோடு கூடிய உள்ளக வடிவமைப்பு. வடிவமைப்புப் பட்டம் இல்லாதவருக்கு அது நேர்வழி அல்ல. நான்காவது மட்டும் பொருத்தமானது. ஆனால் அங்கே விண்ணப்பத்தில் குறிப்பிட்ட பேராசிரியர் ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்தார். துறையின் இணையப் பக்கத்தில் அவருடைய பெயருக்குப் பின்னால் “எமெரிற்றஸ்” என்ற ஒரு சொல்லில் அது போட்டிருந்தது. வாசித்தவர் அதைப் பட்டமென்று நினைத்துவிட்டார்.

இரண்டாம் வருடம் தேடல் தலைகீழாக நடந்தது. பல்கலைக்கழகப் பெயரில் தொடங்காமல், கடந்த ஐந்தாறு வருடத்தில் வீடு, சமையலறை, குறைந்த வருமானக் குடும்பம் பற்றி எழுதியவர்கள் யார் என்று கூகுள் ஸ்கொலரில் தேடி, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தத் துறை முதுமாணி மாணவர்களை எடுக்கிறதா என்று உறுதிப்படுத்தி, பிறகுதான் ஐந்து இடம் தெரிவு செய்யப்பட்டது. இது ஒரு மாத வேலை. கோப்பில் வேறெதையும் விட இந்த மாதம்தான் பலன் தந்தது.

மூன்று வருடப் பொதுப் பட்டக்காரருக்கு இங்கே ஒரு குறிப்பு. பல அமெரிக்கப் பட்டப்பின் பள்ளிகள் நான்கு வருட இளமாணியை எதிர்பார்க்கின்றன. 90 கற்கைப் புள்ளிகளோடு (கிரெடிட்) முடிந்த பட்டத்தை ஏற்பார்களா என்று கட்டணம் கட்டுமுன்னரே எழுதிக் கேட்டுவிட வேண்டும். ஏற்காவிட்டால் உள்நாட்டில் ஒரு பட்டப்பின் டிப்ளோமாவோ முதுமாணியோ முடித்துவிட்டுப் போவதே வழி.

கேள்வி எங்கிருந்து வந்தது

முதல் நோக்க அறிக்கை இப்படித் தொடங்கியது: “சிறு வயது முதலே அழகான பொருட்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம் உண்டு. போரினால் பாதிக்கப்பட்ட பிரதேசத்திலிருந்து வரும் எனக்கு, உலகத்தரம் வாய்ந்த கல்வி என் சமூகத்துக்குச் சேவை செய்ய உதவும்.” இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதை வைத்து எந்தப் பேராசிரியரும் “இவர் என் ஆள்” என்று சொல்ல முடியாது. போரைச் சொல்லி இரக்கம் பெறலாம். அனுமதி பெற முடியாது. அந்த வாசிப்பாளர்கள் ஒரு பருவத்தில் இதைப்போல நூற்றுக்கணக்கான வரிகளைக் கடந்து போகிறார்கள்.

இரண்டாவது அறிக்கை குசினியில் தொடங்கியது.

வன்னியில் மீள்குடியேறியவர்களில் பலர் மானிய வீட்டுத் திட்டங்களில் வீடு பெற்றவர்கள். 2012இல் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா, கட்டட வேலை ஏறஏறப் பகுதி பகுதியாகக் கொடுக்கப்பட்டது. கட்டுவிப்பது பயனாளியின் பொறுப்பு. ஏறத்தாழ 550 சதுர அடிக்குள் இரண்டு அறை, ஒரு மண்டபம், ஒரு குசினி. அந்த வீடுகளைச் சுற்றி நடந்து பார்த்தால் பின்பக்கத்தில் தகரமோ கிடுகோ போட்ட இன்னொரு குசினி நிற்கும். உள்ளே கட்டிய குசினியில் நெல்மூட்டையும் சைக்கிளும் இருக்கும். சமையல் வெளியே நடக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த காட்சி என்பதால் எவரும் அதைக் கேள்வியாக எடுப்பதில்லை. வடிவமைப்பு ஆய்வில் இதற்குக் குடிபுகுந்த பின்னான மதிப்பீடு என்ற ஒரு முழு முறையே இருக்கிறது: வரைபடம் என்ன நினைத்தது, குடும்பம் என்ன செய்தது, இடையில் ஏன் விலகியது.

புகைதான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். விறகுப் புகை ஒரு காரணம்தான். இன்னொன்று உயரம். உள்ளே கட்டிய மேடை தரையிலிருந்து 80 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். அதன்மேல் மண்ணடுப்பு 20. அடுப்பின்மேல் பானை 22. பானை வாயில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி 20. கூட்டினால் 142. ஐந்தடி, அதாவது 152 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணின் தோள் கிட்டத்தட்ட 125இல் நிற்கும். பிட்டு வெந்துவிட்டதா என்று பார்க்கவும் நீத்துப்பெட்டியைத் தூக்கிக் கவிழ்க்கவும் தோளுக்கு மேலே கையை உயர்த்த வேண்டும், நேரே முகத்துக்குள் ஆவி அடிக்கும். மேடை வடிவமைக்கப்பட்டது காஸ் அடுப்புக்கும் சின்னச் சட்டிக்கும். 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்து விறகுக்குத் திரும்பிய வீடுகளில் இந்த 142 இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. தரையில் அடுப்பை வைத்துக் குந்தியிருந்து சமைத்தால் நீத்துப்பெட்டியின் தலை 62 சென்ரிமீற்றரில், கைக்கு எட்டிய இடத்தில் இருக்கும்.

இந்தக் கூட்டலுக்கு அரைப்பக்கம் போதும். ஆனால் இது பயனர், பொருள், அளவு, எரிபொருள், கொள்கை எல்லாவற்றையும் ஒரே பானையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. தொழிற்சாலை அனுபவமும் இங்கேதான் இடம் பிடித்தது. ஆடைத் தொழிற்சாலையில் ஒரு கொலரைத் தைக்க எத்தனை அசைவு, எத்தனை நிமிடம் என்று எஸ்எம்வி (நியம நிமிடப் பெறுமதி) கணக்குப் போடுகிறவருக்கு, ஒரு காலைச் சமையலில் கிணற்றுக்கும் அடுப்புக்கும் விறகடுக்குக்கும் எத்தனை நடை என்று அளப்பது புதிதல்ல. முதல் கோப்பில் அந்த இரண்டு வருடம் “வேலை அனுபவம்” என்ற ஒரு வரியில் முடங்கிக் கிடந்தது.

ஓர் எச்சரிக்கை வேண்டும். விண்ணப்பத்துக்காகப் பத்துப் பன்னிரண்டு வீட்டை அளந்தது ஆய்வு முடிவு ஆகாது. “வன்னிப் பெண்கள் உள்ளே சமைப்பதில்லை” என்று எழுதினால் நல்ல வாசிப்பாளர் அந்த இடத்திலேயே நம்பிக்கை இழப்பார். “பன்னிரண்டு வீட்டில் கண்டது இது, இது எவ்வளவு பரவலானது, எந்தக் குடும்பம் உள்ளே சமைக்கிறது, ஏன் என்று கேட்க விரும்புகிறேன்” என்று எழுதினால் அவரே அடுத்த கேள்வியைக் கேட்பார். மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்குப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி பிறகு தேவைப்படும் என்பது தெரிந்தவராக எழுதுவதும் நல்லது.

வரையத் தெரியாதவரின் படத்தொகுப்பு

ஐந்து இடத்தில் மூன்று படத்தொகுப்புக் கேட்டன. வடிவமைப்புப் பட்டம் இல்லாதவர் இந்த இடத்தில் கன்வாவில் சுவரொட்டி செய்து போடுவார். அதைவிடப் போடாமல் விடலாம். இந்தக் கோப்பில் போனது 12 பக்கம், முழுக்க அளவீட்டு வரைபடமும் அவதானிப்பும்.

தேவைப்பட்டவை: 5 மீற்றர் அளவு நாடா, சதுரக் கோட்டுத் தாள், 0.5 பேனை, பலகை, கைத்தொலைபேசி. வீட்டுத் திட்டம் 1:50 அளவில். ஒரு மீற்றர் தாளில் இரண்டு சென்ரிமீற்றர். 550 சதுர அடி என்பது 51 சதுர மீற்றர், ஏறத்தாழ 7.3க்கு 7 மீற்றர், தாளில் 14.6க்கு 14 சென்ரிமீற்றர். ஏ4இல் தாராளமாக அடங்கும், ஓரத்தில் குறிப்பெழுதவும் இடம் மிஞ்சும். குசினி மட்டும் 1:20இல் தனியாக. வெட்டுமுகம் ஒன்று கட்டாயம், ஏனென்றால் உயரத்தின் கதை திட்டப்படத்தில் தெரியாது. அந்த 142ஐக் காட்டியது வெட்டுமுகம்தான்.

அளக்கும்போது வழமையாக வரும் பிழைகள்: உள்ளளவையும் வெளியளவையும் கலந்துவிடுவது, அதில் ஒவ்வொரு சுவருக்கும் கல்லின் தடிப்பு போய்விடும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று குறிக்க மறப்பது. மூலைவிட்டத்தை அளக்காமல் வருவது. அறை சரியான சதுரம் என்று நம்பி வரைந்தால் வீட்டில் கோடு முட்டாது. எல்லாவற்றையும் விடப் பெரியது, வெளிக்குசினி “வீட்டுக்குள் வராது” என்று அதை அளக்காமல் வருவது. கேள்வியே அங்கேதான் இருக்கிறது.

பத்து மணிக்கு முன்னோ நான்கு மணிக்குப் பின்னோ படம் பிடித்தால் தகரக் கொட்டிலுக்குள் நிழல் தாங்கும்படி இருக்கும். வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, தமிழில், படம் எங்கே போகும் என்று சொல்லி. முகம், வீட்டிலக்கம், பயனாளி இலக்கம் தெரியாமல். தாள் வரைபடங்களை மேலே நேராக நின்று நிழலில் பிடித்து, இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் கோடுகளைச் சீர்செய்யலாம். பக்கத்துக்கு 60 சொல்லுக்கு மேல் வேண்டாம். படங்களை 150 டிபிஐக்கு இறக்கி, முழுப் பிடிஎஃப்பையும் 10 எம்பிக்குள் கொண்டுவந்தால் அநேகமான தளங்களில் ஏறும். ஒவ்வொரு தளத்தின் எல்லையும் வேறு. ஏற்றும் அன்று பார்க்காமல் முன்னரே பார்ப்பது.

பேராசிரியருக்கு எழுதிய மின்னஞ்சல்

ஓகஸ்ட் முடிவிலிருந்து ஒக்டோபருக்குள் எழுதுவது நல்லது. ஆளையாள் பொருத்தாமல் குழுவாகவே தெரிவு செய்யும் துறைகளும் உண்டு; அவை தங்கள் பக்கத்தில் “முன்கூட்டித் தொடர்புகொள்ளத் தேவையில்லை” என்று போட்டிருக்கும். அங்கே எழுதாமல் விடுவதே மரியாதை.

நூற்றியைம்பது சொல் போதும். தமிழில் சொன்னால் இந்தக் கோப்பின் மின்னஞ்சல் சுமாராக இது: “கிளிநொச்சி மாவட்டத்தில் போருக்குப் பின் கட்டிய பன்னிரண்டு மானிய வீடுகளின் குசினிகளை அளந்து வரைந்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் சமையல் வீட்டுக்கு வெளியே நடக்கிறது. மேடை உயரமும் விறகடுப்பும் ஒத்துவராதது ஒரு காரணமாகத் தெரிகிறது. குடியிருப்போர் செய்யும் மாற்றங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் வருமானத்தைப் பிரதானமாக எடுத்திருக்கிறீர்கள். சமையல் முறையும் அதே அளவுக்கு வேலை செய்கிறதா என்று கேட்க விரும்புகிறேன். அடுத்த இலையுதிர் பருவத்துக்கு முதுமாணி மாணவர்களை எடுக்கிறீர்களா? ஒரு பக்கச் சுருக்கம் இணைத்திருக்கிறேன்.” முதல் வருடத்தில் “மதிப்புக்குரிய சேர்” என்று தொடங்கிய ஒரே கடிதம் முப்பது பேருக்குப் போயிருந்தது, அதில் பாதிப் பேர் பெண்கள்.

இரண்டு வாரம் பதில் இல்லாவிட்டால் ஒரு நினைவூட்டல், அதோடு நிறுத்தம். “இந்த வருடம் எனக்கு நிதி இல்லை” என்று வரும் பதில் நல்ல பதில். ஒரு விண்ணப்பக் கட்டணம் மிச்சம்.

பெயர் என்ற தலையிடி

வன்னிக் கோப்புகளில் புள்ளியை விடப் பெயரால் சிக்குவது அதிகம் என்று சொன்னால் மிகையில்லை. பிறப்புச் சான்றிதழ் தமிழில். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால். உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். பட்டச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டல். சிவலிங்கத்தின் ‘வ’வுக்கு ஓரிடத்தில் ‘வி’, இன்னோரிடத்தில் ‘டபிள்யூ’. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமை.

ஒழுங்கு இதுதான்: கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலே மற்ற எல்லாவற்றுக்கும் தலை. ஆங்கிலப் பரீட்சைக்கும் விண்ணப்பத்துக்கும் அதே எழுத்து, ஓர் எழுத்தும் பிசகாமல். கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லையென்றால், வவுனியாப் பிராந்திய அலுவலகத்துக்குப் போகுமுன்னர் பட்டச் சான்றிதழோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம். குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக விட்டவருக்கு அமெரிக்க விசாவில் எல்லாப் பெயரும் குடும்பப்பெயராகவும், முதற்பெயர் இடத்தில் “முதற்பெயர் தெரியாது” என்பதற்கான மூன்றெழுத்தும் (எஃப்என்யு) அச்சாகும். அந்த மூன்றெழுத்து வங்கிக் கணக்கு, சாரதி அனுமதிப்பத்திரம் வரை கூடவே வரும். விண்ணப்பத் தளத்தில் “வேறு பெயர்கள்” என்ற கட்டம் இருக்கும்; எல்லா எழுத்துக்கூட்டலையும் அதில் இடவேண்டும். இல்லாவிட்டால் பரீட்சைப் புள்ளி வந்து சேர்ந்தும் கோப்போடு ஒட்டாமல் கிடக்கும். எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்திருப்பது விசா நேரத்துக்கு உதவும்.

2009இல் பத்திரங்கள் தொலைந்த குடும்பங்கள், பிறப்பு பதிவான பிரிவின் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பரீட்சைச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையச் சேவை இருக்கிறது. இதையெல்லாம் யூன், யூலையில் முடிக்காவிட்டால் பிறகு எல்லாம் ஒன்றாக வந்து விழும்.

வவுனியாப் பட்டதாரிகளுக்கு மட்டும் ஒரு சிறு சிக்கல். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. இந்தக் கோப்பின் விண்ணப்பதாரி நுழைந்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்கு, வெளியே வந்தது வவுனியாப் பல்கலைக்கழகத்திலிருந்து. தளத்தில் நிறுவனத்தைத் தெரிவு செய்யும்போது சான்றிதழில் அச்சாகியிருக்கும் பெயரையே எடுக்க வேண்டும். மேலதிகத் தகவல் என்ற கட்டத்தில் மாற்றத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஜிபிஏயை வேறு அளவுக்கு மாற்றக் கூடாது, 4.0க்கு 3.41 என்றால் அதையே எழுதுவது. விண்ணப்ப நேரத்தில் பெரும்பாலும் பெறுபேற்றுப் பத்திரத்தின் ஸ்கேன் போதும். முத்திரையிட்ட உறை அனுமதிக்குப் பிறகுதான். நான்கு உறைக்குப் பரீட்சைக் கிளையில் பணம் கட்டி வரிசையில் நின்றது முதல் வருடத்து வீண்செலவு.

மூன்று கடிதம், ஒரு பரீட்சை, ஒரு மழைக்காலம்

பரிந்துரைக் கடிதம் மூன்று. முதல் வருடம் துறைத்தலைவர், பீடாதிபதி, ஊர்ப் பாடசாலை அதிபர். பதவி பெரிது, ஆனால் விண்ணப்பதாரியைப் பற்றிச் சொல்ல ஒருவரிடமும் எதுவும் இல்லை. இரண்டாம் வருடம் ஆய்வறிக்கை மேற்பார்வையாளர், சந்தைப்படுத்தல் ஆய்வு படிப்பித்த விரிவுரையாளர், தொழிற்சாலையில் நேரடி மேலதிகாரி. ஒவ்வொருவருக்கும் நோக்க அறிக்கையும், அவர் சாட்சி சொல்லக்கூடிய இரண்டு விடயத்தை நினைவூட்டும் அரைப்பக்கக் குறிப்பும் போயின. தளமே கடிதக்காரருக்கு இணைப்பை அனுப்பும். அது குப்பை அஞ்சலில் விழும். கடிதக்காரரின் பல்கலைக்கழக அஞ்சல் முகவரியைக் கொடுப்பது நல்லது, ஜிமெயிலுக்கு மேலதிக விசாரணை வரலாம். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று தளம் கேட்கும். விட்டுக்கொடுப்பதாகவே குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிதத்துக்குப் பெறுமதி குறையும்.

பட்டப்பின் நுழைவுப் பரீட்சையான ஜிஆர்இயைப் பல துறைகள் விட்டுவிட்டன. கேட்கும் இடம் ஒன்றாவது பட்டியலில் இருந்தால் மட்டும் எழுதினால் போதும். 220 டொலர் சின்னக் காசல்ல. ஐஈஎல்டிஎஸ் புள்ளி இரண்டு வருடம் செல்லும், ஆகவே முதல் வருடத்து 7.0ஐயே மறுபடி பயன்படுத்த முடிந்தது. கற்பித்தல் உதவியாளர் பதவி எதிர்பார்ப்பவர் மொத்தப் புள்ளியை விடப் பேச்சுப் புள்ளியைப் பார்க்க வேண்டும். அதற்கென்று தனி எல்லை வைக்கும் இடங்கள் அதிகம். வீட்டிலிருந்து எழுதும் டுவோலிங்கோ ஆங்கிலப் பரீட்சையைச் சில இடங்கள் ஏற்கும். ஆனால் நடுவில் கரண்ட் போனாலோ இணைப்பு அறுந்தாலோ பரீட்சை செல்லாது. வன்னியில் அதை எழுதுவதென்றால் பற்றரியில் ஓடும் மடிக்கணினியும் இரண்டு வலையமைப்பும் வேண்டும்.

இறுதித் திகதிகள் டிசெம்பர் 1க்கும் ஜனவரி 15க்கும் இடையில் விழும். வன்னிக்கு அது மாரி. 2018 டிசெம்பரில் இரணைமடு நிரம்பிக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை நினைத்தால், கடைசி நாளை நம்புவது புத்தியல்ல. கார்த்திகை முதல் வாரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். அமெரிக்காவின் மத்திய நேர வலயத்தில் டிசெம்பர் 1 இரவு 11:59 என்றால் இங்கே 2ஆம் திகதி காலை 11:29. அந்தப் பதினொன்றரை மணி நேரம் சிலரைக் காப்பாற்றியிருக்கும், ஆனால் அதைத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது. கட்டணம் இடத்துக்கு 70 முதல் 110 டொலர் வரை. உள்ளூர் டெபிட் அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிடும்படி வங்கியில் முன்னரே கேட்க வேண்டும். ரொறன்ரோவிலிருக்கும் மாமா தன் அட்டையில் கட்டலாம், ஆனால் அட்டை முகவரிக்குக் கண்டாவளையை எழுதினால் வங்கி மறுக்கும். அவருடைய முகவரிதான் எழுத வேண்டும். கட்டண விலக்குக் கேட்பதற்கும் பல இடத்தில் படிவம் உண்டு. கேட்பதால் விண்ணப்பத்துக்குக் குறைவு வராது.

இரண்டு அனுமதி

முதலாவது பெயர் பெற்ற இடம். அனுமதி உண்டு, உதவி இல்லை. இரண்டாவது நம்மூரில் எவரும் கேள்விப்படாத மாநிலப் பல்கலைக்கழகம். அரைநேர உதவியாளர் பதவி, வாரம் 20 மணி நேரம், கற்கைக் கட்டண விலக்கு, மாதச் சம்பளம். உறவினர் எல்லோரும் முதலாவதைச் சொன்னார்கள். கணக்கு இரண்டாவதைச் சொன்னது. எஃப்-1 என்ற மாணவர் விசாக்காரர் தவணை நேரத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணிக்கு மேல் வேலை செய்ய முடியாது. உதவியில்லாமல் போய் “அங்கே வேலை செய்து கட்டலாம்” என்பது நடக்காத கதை. உதவிக் கடிதத்தில் பார்க்க வேண்டியவை: எத்தனை மாதத்துக்கு, ஒன்பதா பன்னிரண்டா, மருத்துவக் காப்புறுதி உள்ளடக்கமா, கட்டண விலக்குக்குப் பின்னும் மாணவர் கட்டணம் என்று தனியாக எவ்வளவு, இரண்டாம் வருடத்துக்கு உறுதி உண்டா. கடைசிக் கேள்விக்கு “நிதி இருந்தால்” என்று பதில் வந்தால், முன்னைய மாணவர்களுக்கு அப்படி நின்றதுண்டா என்று கேட்கலாம்.

உதவியோடு வரும் அனுமதிக்கு, பட்டப்பின் பள்ளிகள் மன்றத்தின் தீர்மானத்தில் கையெழுத்திட்ட இடங்கள் ஏப்ரல் 15க்கு முன் பதில் கேட்டு நெருக்க முடியாது. அந்த அவகாசத்தில் முதலாவது இடத்துக்கு, மற்ற இடத்தில் உதவி கிடைத்ததைச் சொல்லி, ஏதாவது செய்ய முடியுமா என்று ஒரு தடவை கேட்பதில் பிழையில்லை.

பிறகு மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டொலர், விசா விண்ணப்பம் 185 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் இந்த இரண்டுக்கே 160,500 ரூபா. ஐ-20க்கு உதவித் தொகை கழித்து மிச்சத்துக்குத்தான் வங்கிக் கூற்று வேண்டும். முழுத் தொகைக்கும் காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை. கொழும்புத் தூதரக நேர்முகம் பெரும்பாலும் சில நிமிடத்தில் முடியும். எதைப் படிக்கப் போகிறீர்கள் என்றால் “வடிவமைப்பு” என்று நிறுத்தாமல், குசினியைப் பற்றி இரண்டு வரியில் சொல்ல வேண்டும். தமிழ்ப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு கையில் இருக்க வேண்டும். 2025 யூன் முதல் மாணவர் விசாக்காரர்களின் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்கும்படி கேட்கிறார்கள்.

அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் முதுமாணி உதவியை இதோடு சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர் அதன் நாட்காட்டி படிப்புத் தொடங்குவதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்னால் ஓடுவதைக் கவனிக்க வேண்டும். அது ஜே-1 என்ற பரிமாற்ற விசா. முடிந்தபின் இரண்டு வருடம் நாட்டில் இருக்கும் கடப்பாடு உண்டு. இந்தக் கோப்பின் கேள்வி கண்டாவளையில் இருப்பதால் அந்த நிபந்தனை பாரமில்லை. ரொறன்ரோவுக்குத் தாண்டும் எண்ணத்தோடு போகிறவருக்கு அது பொருந்தாது.

உதவி இல்லாத அனுமதி மட்டும் கையில் வந்திருந்தால் ஒரு வருடம் பிற்போடச் சொல்லிக் கேட்கலாம். பல இடங்கள் சம்மதிக்கும். அனுமதி பிற்போனால் உதவி கூடவே வரும் என்று எண்ணக் கூடாது. உதவிக்கு அடுத்த வருடக் குழு புதிதாகப் பார்க்கும், அதனால் பிற்போடும் கடிதத்திலேயே அந்தப் பரிசீலனையில் பெயரைச் சேர்க்கும்படி எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.